கண்ணுக்கு 50-உம் 60-உம் வேறுவேறாகத் தெரியுமா?

கேள்வி இதுதான்: "வீட்டில் புது எல்இடி பல்பு மாட்டியதிலிருந்து லைட் துடிக்கிறது, படித்தால் தலை வலிக்கிறது என்கிறாள் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள். எனக்கும் மனைவிக்கும் ஒன்றும் தெரியவில்லை. மனிதக் கண்ணுக்கு 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 துடிப்புதான் எல்லை என்று படித்திருக்கிறேன். கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்பாகப் பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும் என்கிறார்கள். அது தெரிய வாய்ப்பே இல்லைதானே? 50-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசமாவது கண்ணுக்குப் பிடிபடுமா?"

முதலில் மகள் சொல்வதை நம்புங்கள். நான் இருபது வருடமாக விளக்குகளோடும் அவற்றை எரிய வைக்கும் சர்க்யூட்களோடும் வேலை செய்கிறவன். ஒருவர் "லைட் துடிக்குது" என்பதும், பக்கத்தில் இருப்பவர்கள் "உனக்கு மட்டும் எப்படித் தெரியுது" என்று அவர் வாயை அடைப்பதும் பல வீடுகளில், பல ஆபீஸ்களில் பார்த்தது. மீட்டர் வைத்து அளந்தால் பெரும்பாலும் புகார் சொன்னவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒளி விட்டு விட்டு வருகிறதா, ஒரே சீராக வருகிறதா என்று தெரிவது ஒன்று. இரண்டு சிமிட்டல்களில் எது வேகமானது என்று பிரித்துச் சொல்வது இன்னொன்று. சிமிட்டல் என்றே தெரியாதபோதும் அது உடம்பைத் தொடுகிறதா என்பது மூன்றாவது. "கண்ணுக்கு 60 ஹெர்ட்ஸ்தான்" என்கிற பேச்சு இந்த மூன்றையும் ஒரே எண்ணில் அடைக்கப் பார்க்கிறது. அதனால்தான் குழப்பம்.

முதலாவது. ஒரு விளக்கை மெதுவாகச் சிமிட்ட விட்டு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் சிமிட்டல் மறைந்து ஒளி சீராகிவிடும். அந்த எல்லை சராசரியாக 50-60 ஹெர்ட்ஸை ஒட்டி வரும் என்பது உண்மை. ஆனால் அது அசையாத எண் இல்லை. வெளிச்சம் கூடினால் எல்லையும் ஏறும். வெளிச்சத்தைப் பத்து மடங்காக்கும்போது எல்லை ஏறக்குறைய 10 ஹெர்ட்ஸ் உயரும். 1892-இல் ஃபெர்ரியும் 1902-இல் போர்ட்டரும் கண்டது இது. இன்றைக்கும் ஃபெர்ரி-போர்ட்டர் விதி என்றே சொல்கிறோம். சிமிட்டும் பரப்பு பெரிதானாலும் எல்லை ஏறும். மங்கலான வெளிச்சத்தில், அதற்கென்றே விழித்திரையில் இருக்கும் கோல் செல்கள் மட்டும் வேலை செய்யும்போது 15 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே சிமிட்டல் மறைந்துவிடும்.

பழைய ஃபிலிம் புரொஜெக்டர் இந்த விதியை நம்பித்தான் ஓடியது. நொடிக்கு 24 ஃபிரேம்தான் என்றாலும், ஒவ்வொரு ஃபிரேமையும் ஷட்டர் இரண்டு முறை மூடித் திறக்கும். திரையில் விழுவது நொடிக்கு 48 ஒளிவீச்சு. தியேட்டர் இருட்டு, திரை மங்கல், அதனால் 48 போதுமானதாக இருந்தது. அதே 48-ஐ அந்தக் கால கம்ப்யூட்டர் மானிட்டரில் கொடுத்திருந்தால் ஒருவரும் பத்து நிமிடம் தாங்கியிருக்க மாட்டார்கள். அதில் 60-ஏ கண்ணை உறுத்தும். 75, 85 என்று ஏற்றி வைத்தால்தான் நிம்மதி. அந்த மானிட்டரை நேராகப் பார்க்கும்போது சும்மா இருக்கும், தலையைத் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்தால் படபடக்கும். அனுபவித்தவர்களுக்கு நினைவிருக்கும். விழித்திரையின் ஓரப் பகுதிக்கு நுணுக்கமான எழுத்து தெரியாது, ஆனால் வேகமான மாற்றம் நடுப்பகுதியைவிட நன்றாகத் தெரியும்.

அப்புறம் ஆளுக்கு ஆள் வித்தியாசம். டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்கு 35 ஹெர்ட்ஸிலேயே ஒளி சீராகிவிட்டது. வேறு சிலருக்கு 60-ஐத் தாண்டியும் சிமிட்டல் தெரிந்தது. நல்ல கண்பார்வை உள்ளவர்களுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி. வயது ஏற ஏற எல்லை இறங்கும். ஆகவே உங்கள் மகளுக்குத் தெரிவது உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் தெரியாமல் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. களைப்பிலும் இந்த எல்லை இறங்கும். கல்லீரல் நோய் முற்றி மூளையைத் தொடத் தொடங்கும்போதும் இறங்கும் என்பதால், சில ஆஸ்பத்திரிகளில் இதையே ஒரு பரிசோதனையாக வைத்திருக்கிறார்கள். நோயாளி ஒரு கருவிக்குள் சிவப்பு ஒளியைப் பார்ப்பார். 60-இலிருந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். சிமிட்டல் தெரிந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். 39 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டிய நிலை.

இனி இரண்டாவது கேள்வி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரண்டு சிமிட்டல்களின் வேக வித்தியாசம் தெரியுமா?

இதை என் வேலை மேசையில் அக்கா மகனை உட்கார வைத்துச் செய்து பார்த்தேன். விளக்கைச் சிமிட்ட வைக்க ஒரு ஆர்டுயினோ என்கிற சின்ன கன்ட்ரோல் போர்டு, இரண்டு வெள்ளை எல்இடி, இரண்டுக்கும் மேலே ஒரே டிரேசிங் பேப்பர். ஒன்று 5 ஹெர்ட்ஸ், மற்றது 6. "வலதுதான் வேகம்" என்று உடனே சொன்னான். 20-உம் 21-உம் வைத்தேன். இரண்டும் ஒன்றில்லை என்று அதையும் கண்டுபிடித்துவிட்டான். நூற்றுக்கு ஐந்து வித்தியாசத்தை இவ்வளவு சுலபமாகக் கண்ணால் பிடிக்க முடியுமா என்று எனக்கு உறுத்தியது. பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு விஷயம் புரிந்தது. 20-உம் 21-உம் நொடிக்கு ஒருமுறை ஒன்றாகச் சேர்ந்து எரியும், அடுத்த அரை நொடியில் ஒன்று எரியும்போது மற்றது அணைந்திருக்கும். அதனால் சிமிட்டல் நொடிக்கு ஒருமுறை ஓங்கி அடங்கியது. வீணையில் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இருக்கும் இரண்டு தந்திகளை மீட்டினால் ஓசை அலை அலையாக வருமே, அதே கதைதான். அவன் பார்த்தது 20-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசத்தை அல்ல. நொடிக்கு ஒன்று என்கிற மெதுவான அலையை.

சரி, ஒரு எல்இடியை எடுத்துவிட்டேன். ஒரே விளக்கு: இரண்டு நொடி ஒரு வேகம், சிறு இடைவெளி, இரண்டு நொடி இன்னொரு வேகம். எது வேகம் என்று சொல்ல வேண்டும். 5-க்கும் 6-க்கும் தவறே இல்லை. அந்த வேகத்தில் கண் கிட்டத்தட்ட எண்ணவே எண்ணிவிடும். 10-க்கும் 12-க்கும் பெரும்பாலும் சரி. 10-க்கும் 11-க்கும் தடுமாறினான். எண்ண முடியாத இடத்தில் வேகம் ஒரு தன்மையாகத்தான் உணரப்படுகிறது. 8 ஹெர்ட்ஸ் படக் படக் என்று அடிக்கிற மாதிரி, 15 முரட்டுத் துணியைத் தடவுகிற மாதிரி, 30 மெல்லிய நடுக்கம். ஆனால் 40-க்கும் 44-க்கும் போனதும் மறுபடி சரியாகச் சொல்ல ஆரம்பித்தான்.

இங்கேயும் ஒரு திருட்டு வழி இருந்தது. எல்லையை நெருங்க நெருங்கச் சிமிட்டல் பலவீனமாகத் தெரியும். 40-ஐவிட 44 லேசாகத்தான் நடுங்கும். "எது லேசானதோ அதுதான் வேகம்" என்று அவன் தெரிந்தோ தெரியாமலோ முடிவு செய்துகொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் சிமிட்டலின் ஆழத்தை இஷ்டத்துக்கு மாற்றிவிட்டேன். அதாவது விளக்கு முழுதாக அணையாமல் சில சமயம் பாதி, சில சமயம் முக்கால் வரைதான் மங்கும். அவ்வளவுதான், 40-44 ஆட்டம் குலைந்துபோனது. பூவா தலையா போட்டுச் சொன்ன மாதிரிதான் விடை வந்தது. 10-12-க்கு மட்டும் இந்த மாற்றம் பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஏன் இப்படி? நிறத்தோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் மட்டுமே இருக்கின்றன. அவை மூன்றும் கொடுக்கும் பதில்களை ஒப்பிட்டுத்தான் மூளை ஆயிரக்கணக்கான நிறங்களைப் பிரிக்கிறது. ஒரே ஒரு வகை மட்டும் இருந்தால் வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது தெரியுமே தவிர, நிறம் தெரியாது. நேரத்துக்கும் பார்வையில் இப்படிச் சில வடிகட்டிகள்தான் உண்டு. மெதுவான மாற்றத்துக்கு ஒன்று, வேகமான மாற்றத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இன்னொன்று. 1984-இல் மேண்ட்லர், மாகஸ் என்கிற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் மூன்று வடிகட்டிகளை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 5, 10, 15 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிகட்டிகள் பதில் சொல்வதால் ஒப்பிட முடிகிறது, வேகம் பிடிபடுகிறது. 40-க்கு மேல் அநேகமாக ஒரே வடிகட்டிதான் மிச்சம். சிமிட்டல் இருக்கிறது, இவ்வளவு பலமாக இருக்கிறது என்று அது சொல்லும். எவ்வளவு வேகம் என்று அதனால் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் 50, 60-க்கு நேரடி விடை. நல்ல வெளிச்சமான, பெரிய பரப்புள்ள ஒரு விளக்கு 50-இல் துடித்தால் பலருக்கும் தெரியும், அதுவும் ஓரக்கண்ணுக்கு. 60-இல் பலருக்கு மறைந்துவிடும், அல்லது மிக லேசாகிவிடும். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் "முதலாவது நடுங்குகிறது, இரண்டாவது இல்லை" என்று சொல்லிவிடலாம். ஐரோப்பாவின் பழைய 50 ஹெர்ட்ஸ் டிவிக்கும் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் டிவிக்கும் இருந்த வித்தியாசம் இதுதான். பிற்பாடு 100 ஹெர்ட்ஸ் டிவி என்று தனியாகச் செய்து விற்றதும் இதற்காகத்தான். ஆனால் இரண்டையும் ஒரே பலத்தில் நடுங்கும்படி சரிசெய்துவிட்டு "எது 50, எது 60" என்று கேட்டால் கண் கைவிரித்துவிடும்.

காதை நினைத்துப் பாருங்கள். நம்மூர் டிரான்ஸ்ஃபார்மர் உறுமுவது 100 ஹெர்ட்ஸில், அமெரிக்காவில் 120-இல். 100-ஐ ஸட்ஜமமாக வைத்தால் 120 சாதாரண காந்தாரம். ஐந்துக்கு ஆறு விகிதம். பாட்டு கற்கும் குழந்தைகூட இரண்டும் வேறு என்று சொல்லிவிடும். கண்ணுக்கு அந்த ஏணி கிடையாது. இதில் காது கண்ணையே இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் கெப்ஹார்ட், மோப்ரே இருவரும் 1959-இல் கவனித்துச் சொன்னது: விளக்கு ஒரே வேகத்தில் சிமிட்டிக்கொண்டிருக்க, கூடவே ஒலிக்கும் படபடப்பின் வேகத்தை மட்டும் மாற்றினால், விளக்கின் வேகமும் மாறுவது போலத் தோன்றும். விளக்கை மாற்றினால் ஒலி மாறுவதாகத் தோன்றாது. வேகத்தைச் சொல்வதில் யார் பேச்சுக்கு மதிப்பு அதிகம் என்று மூளைக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம், உங்கள் வீட்டுப் பிரச்சினை இங்கேதான். 100 ஹெர்ட்ஸ் தெரிய வாய்ப்பே இல்லையா?

கண்ணும் பொருளும் அசையாமல் இருந்தால் தெரியாது. ஆனால் கண் எங்கே அசையாமல் இருக்கிறது? படிக்கும்போது அது வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு நொடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. பெரிய தாவலில் அதன் வேகம் நொடிக்குச் சில நூறு டிகிரி. அந்த நேரத்தில் விழித்திரைமேல் ஓடும் விளக்கின் பிம்பம், விளக்கு சீராக எரிந்தால் ஒரு கோடாக விழும். சிமிட்டினால் புள்ளி புள்ளியாக விழும். நேரத்தில் பிரிக்க முடியாததை இடத்தில் பிரித்து வைத்துவிடுகிறது கண்ணின் ஓட்டம். இரவில் முன்னால் போகும் காரின் எல்இடி பின்விளக்கிலிருந்து பார்வையைச் சட்டென்று திருப்பினால், சிவப்பு மணிகள் கோத்தது போல ஒரு வரிசை தெரியும். பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் ராபர்ட்ஸும் வில்கின்ஸும் 2013-இல் இதை அளந்தபோது, கண் தாவும் வேளையில் 1000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் சிமிட்டல் பிடிபட்டது. சராசரி எல்லை 2000-ஐ ஒட்டி வந்தது. கூர்மையான விளிம்புகள் உள்ள படத்தை வேகமாக மாற்றிக் காட்டிய 2015 ஆய்வு ஒன்றில் 500 ஹெர்ட்ஸ் வரை தெரிந்தது. "60-க்கு மேல் தெரியாது" என்கிற வாக்கியம் இங்கே நிற்காது.

பொருள் அசைந்தாலும் இதே கதை. சோக்கு போட்ட பழைய ட்யூப்லைட் வெளிச்சத்தில் மூன்று இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 333 சுற்று ஓடும்போது மேலே பாருங்கள். நூறில் ஒரு நொடிக்குள் ஓர் இறக்கை, அடுத்த இறக்கை இருக்கும் இடத்துக்கு ஆறில் ஒரு பங்கு தூரம்தான் போகும். அதனால் 18 இறக்கைகள் மங்கலாக, கிட்டத்தட்ட அசையாமல் நிற்பது போலத் தெரியும். வீட்டில் இது வேடிக்கை, பட்டறையில் ஆபத்து. லேத் மெஷினில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும், நான்கு தாடை உள்ள சக் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடினால், நொடிக்கு நூறு தாடைகள் கண் முன்னே கடக்கும். 100 ஹெர்ட்ஸ் வெளிச்சத்தில் அது நின்றுவிட்டது போலக் காட்சி தரும். கையை வைத்தால் கை போய்விடும். அதனால்தான் பட்டறைகளில் ட்யூப்லைட்டுகளை மூன்று ஃபேஸிலும் பிரித்து, ஒன்று மங்கும்போது மற்றது எரியும்படி மாட்டும் வழக்கம் வந்தது.

சரி, எதுவுமே தெரியாவிட்டால் பாதிப்பு இல்லைதானே? அப்படியும் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சிமிட்டும் ஒளியைக் கொஞ்ச நேரம் பார்க்க வைத்துவிட்டு, பிறகு தெரியும் வேகத்தில் சிமிட்டலைக் காட்டினால், அதை உணரும் திறன் குறைந்திருக்கிறது என்று 2004-இல் காட்டினார்கள். தெரியாத சிமிட்டலும் பார்வை நரம்புகளைத் தட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் முன்பு 1989-இல் வில்கின்ஸும் அவர் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் ஓர் ஆபீஸில் ட்யூப்லைட்டின் சாதாரண சோக்குக்குப் பதில் வேகமான எலெக்ட்ரானிக் சோக்கு மாட்டிப் பார்த்தார்கள். எது எப்போது மாறியது என்று ஊழியர்களுக்குத் தெரியாது. தலைவலியும் கண் சோர்வும் பாதிக்கும் கீழே இறங்கின. நூறு முறை துடிக்கும் விளக்கின் கீழ் உட்கார்ந்து வேலை செய்த எத்தனை பேர் "எனக்கு ஒத்துக்கவில்லை" என்று சொல்லி யாரும் கேட்காமல் போயிருப்பார்கள் என்று அந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் கூடுதல்.

உங்கள் பல்புக்கு வருகிறேன். குண்டு பல்பும் 100 முறைதான் துடித்தது. ஆனால் இழை அதற்குள் ஆறிவிடாது என்பதால் வெளிச்சம் லேசாகத்தான் ஏறி இறங்கும். எல்இடிக்கு அந்த மந்தம் கிடையாது. கரண்ட் நின்ற நொடியே ஒளியும் நிற்கும். அதைச் சமன் செய்ய டிரைவருக்குள், அதாவது பல்பை எரிய வைக்கும் சர்க்யூட்டுக்குள், மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் ஒரு கெபாசிட்டர் வேண்டும். விலையைக் குறைக்க அதைச் சின்னதாகப் போடுவார்கள், சிலவற்றில் போடுவதே இல்லை. போட்ட கெபாசிட்டரும் பல்பின் சூட்டில் வருடக் கணக்கில் காய்ந்து வலு குறைந்துவிடும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு 9 வாட் பல்புகளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் சுண்டுவிரல் நுனி அளவு கெபாசிட்டர். மற்றதில் அந்த இடமே காலி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பல்புதான். 100 ஹெர்ட்ஸில் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு, 3 சதவீதத்துக்குள் இருந்தால் பாதிப்பே இராது என்கிறது ஐ.இ.இ.இ. என்கிற மின் பொறியாளர்கள் அமைப்பின் 2015 பரிந்துரை. அந்தக் காலி பல்பில் ஒளி ஒவ்வொரு துடிப்புக்கும் கிட்டத்தட்ட முழுதாக அணைந்து எரிந்தது.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, அந்த பல்பின் கீழே ஒரு வெள்ளைப் பென்சிலை இருட்டான பின்னணியில் வேகமாக ஆட்டுங்கள். விசிறி போல வழுவழுப்பாகப் பரவினால் நல்ல பல்பு. தனித்தனிப் பென்சில்களாக, சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் சிமிட்டுகிறது. போன் கேமராவில் புரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/2000-இல் வைத்து பல்பு வெளிச்சம் விழும் சுவரைப் பாருங்கள். கறுப்பு வரிகள் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு மோசம். நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனிலும் தெரிந்துவிடும். பெட்டிமேல் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட இதை நம்பலாம். பழைய டிம்மரில் எல்இடியை மாட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விளக்கு தாறுமாறாக மங்கிப் பளிச்சிட்டால் அது வேறு விஷயம். எங்கோ கனெக்ஷன் லூஸ், நியூட்ரலாகவும் இருக்கலாம். உடனே எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்கள்.

பல்பு நன்றாக இருந்தும் தலைவலி தொடர்ந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். வேகமாக மின்னும் ஒளியைப் பார்த்துக் கை உதறுவது, சில நொடி நினைவு தப்புவது போல ஏதாவது இருந்தால் நரம்பியல் டாக்டரைத் தாமதிக்காமல் பாருங்கள். வலிப்பைத் தூண்டுவது 100 ஹெர்ட்ஸ் அல்ல, பெரும்பாலும் 15-25 ஹெர்ட்ஸ் பகுதி. ஜப்பானில் 1997 டிசம்பர் 16 அன்று ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மாறி மின்னிய ஒரு காட்சி சில நொடிதான் வந்தது. அன்றிரவு அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது.

கடைசியாக, வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். இப்போதுள்ள பல்பு ஒன்று, பென்சில் சோதனையில் தேறிய பல்பு ஒன்று. ஒரே வாட், ஒரே நிறம். மகளை வெளியே அனுப்பிவிட்டு, மேசை விளக்கில் இரண்டில் ஒன்றை மாட்டுங்கள். எது மாட்ட வேண்டும் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். அவள் வந்து ஐந்து நிமிடம் படித்துவிட்டு எது என்று சொல்லட்டும். இப்படிப் பத்து முறை, இரண்டு மூன்று நாளில் பிரித்துச் செய்யலாம். ஒன்பது முறை சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான். அவள் ஆறு ஏழு முறைதான் சரியாகச் சொன்னாலும், எந்த பல்பின் கீழே படிக்க அவளுக்கு இதமாக இருக்கிறதோ அதையே மேசை விளக்கில் விட்டுவிடுங்கள்.